மடிப்பு

ஏறும் முதல் நாளே
காகிதத்தைக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுவேன்:
மண்டலேயிலிருந்து பகான் வரை
கப்பலில் ரொக்கம் வேண்டாம்.
பீருக்கும் சலவைக்கும் அறை எண் போதும்.
கடைசி இரவு மொத்தமாய்க் கணக்கு.
அட்டையும் தேய்க்கலாம்,
ஐராவதி சம்மதித்தால்.
யாண்டபோவை ஒட்டிய மணல்திட்டுகளில்
கருவி சுழன்று சுழன்று பார்த்துவிட்டு
மன்னிப்புக் கேட்கும்.

டாலர் என்றால் புதிது.
மை படாதது, முத்திரை விழாதது,
முக்கியமாய் மடிப்பு இல்லாதது.
எண் சி.பி. என்று தொடங்கினால் ஆகாது.
ஏன் என்று கேட்பார்கள்.
சட்டைப் பட்டையில் மா தீடா,
வீட்டில் பவளக்கொடி,
இரண்டு பேருக்குமே தெரியாது.

எழுபத்தைந்து கியாத் தாளை
ஒரு சனிக்கிழமை முற்பகல் வரை
பணம் என்றுதான் அப்பா நம்பியிருந்தார்.
வானொலி சொன்னது, இல்லை என்று.
தாள் வெறும் தாள் என்று அன்றைக்கே
தெரிந்துவிட்டது இந்த நாட்டுக்கு.
அதனால்தானோ என்னவோ
பார்க்கவாவது நன்றாயிருக்கட்டும் என்கிறோம்.

பகான் துறையில் எல்லாரையும் இறக்கிவிட்டு
அரக்குப் பெட்டியைத் திறந்தேன்.
அன்பளிப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மாலுமி முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை
இருபத்தெட்டுப் பேர்.
ஆளுக்கு எழுபது.
மிச்சமில்லாத வகுத்தல், அபூர்வம்.

அடியில் கிடந்தது ஒரு நூறு,
நான்காய் மடித்து.

ஏழாம் அறை பெல்ஜியக்காரர்தான்.
உள்ளங்கையில் ஒளித்துப்
போடும்போது பார்த்தேன்.
எவ்வளவு என்று பிறர் அறியாமல் கொடுப்பது
அவர் ஊர் நாகரிகமாக இருக்கும்.
காகிதத்தில் அதை நான் எழுதவில்லை.

சலவை அறையில் ஈரத் துணி போட்டுத் தேய்த்தோம்.
தாள் சூடானது.
கோடு அப்படியே இருந்தது,
வெளிச்சத்தில் ஒரு சிலுவை போல.

"ஞாங்-ஊ கடையில் எண்பது தருவான்" என்றார் சமையல் டோ ஏ.
இருபது நட்டம், ஆளுக்கு எழுபத்தொரு காசு.
"அந்தக் காசை யார் சில்லறையாக வைத்திருக்கிறோம்?"
"சீட்டுக் குலுக்குவோம்."
"போன முறை குலுக்கியதில் எனக்குத்தானே
அந்தக் கிழிந்த இருபது?"
குரல்கள் ஏறின.
ஒரு வாரம் ஒரே சோற்றுப் பானையில் தின்றவர்கள்
சிலுவையைச் சுற்றி நின்றோம்.

"என்னிடம் கொடுங்கள்" என்றான்
இயந்திர அறையின் ஸின் கோ.
வந்து ஐந்தே பயணம்.
காதுக்குள் எப்போதும் டீசல் இரைச்சல் என்பான்,
கேட்டதற்கு மேல் பேசமாட்டான்.
பாடப் புத்தக அட்டைக்குள்ளிருந்து
ஆறு ஐந்து டாலர் எடுத்தான்.
ஆறும் கத்தி மாதிரி நேராய்.
"மீதி முப்பது. எழுபது என் பங்கு."

"எண்பதுக்குத்தானேடா போகும்?"

"அங்கே நூறுக்கே போகுமாம்.
மடிப்பைப் பார்க்கமாட்டார்களாம்."

அங்கே என்றால் எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கிழக்கே மலை, மலைக்கு அப்பால் மே சொட்,
பத்தொன்பது வயது,
மேலே கேட்பதற்கு என்ன இருக்கிறது?
டோ ஏ மட்டும் அடுப்பை அணைக்கப் போனார்.
அடுப்பு அணைந்து அரைமணி ஆகியிருந்தது.

எண்ணிக் கொடுத்தேன்.
கையெழுத்துப் போட்டான்.
தாளை வாங்கி
இருந்த கோட்டிலேயே ஒருமுறை மடித்தான்,
இன்னொரு முறை,
அப்புறம் புதிதாய் ஒன்று,
நகத்தால் அழுத்தி.
இடுப்புப் பட்டியின் தையலுக்குள்
நகக்கண் அளவாய்ப் போய்விட்டது.

ஒருவன் டாலரை மடிப்பதை
எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

நாளை புதுப் பயணிகள்.
இயந்திர அறைக்கு வேறு ஆள் கேட்டு
யாங்கோனுக்கு எழுத வேண்டும்.
நாலு நாள் பொறுத்து எழுதலாம்.
பேரேட்டில் குறிப்புப் பத்தி காலியாய் இருந்தது.
காரணம்: மடிப்பு
என்று எழுதிவிட்டு
விளக்கை அணைத்தேன்.