தடம் விழாத இருபத்தைந்து மீட்டர்

இவாலோவுக்குத் தெற்கே,
பகல் பதினோரு மணிக்கும் டார்ச் வேண்டியிருக்கிற டிசம்பர்.
டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் இல்லை.
கையுறை ஒன்றைக் கழற்றி நுனிமேல் போட்டு
அதன்மேல் ஜாக்கியை வைத்துவிட்டு நடந்தேன்.

இறுகிய பனியில் இரண்டு கோடுகள்,
சுழல மறுத்த சக்கரங்கள் இழுத்தவை.
வண்டி நின்ற இடம் வரை நூற்றிருபத்தைந்து மீட்டர்.
நூற்றைந்தாவதில் கொஞ்சம் மயிர்,
கொஞ்சம் சிவப்பு.

"எண்பதில்தான் வந்தேன்" என்கிறார் ஓஸ்மோ.
குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர்.
பழைய சாப் காரின் ஒற்றை விளக்கு
பள்ளத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறது.

நான் வாதாடுவதில்லை.
இந்தச் சாலை, பிரேக் பிடித்த வண்டியிடமிருந்து
நொடிக்கு நொடி
இரண்டரை மீட்டர் வேகத்தைக் கறந்துகொள்கிறது;
சற்றுமுன் என் வண்டியையே மூன்று முறை வழுக்கவிட்டுப் பார்த்துவிட்டேன்.
இரண்டரையை இரட்டித்து, நூற்றிருபத்தைந்தால் பெருக்கி,
வர்க்கமூலம் எடுத்தால்
நொடிக்கு இருபத்தைந்து மீட்டர்.
மணிக்குத் தொண்ணூறு.
மோதலில் குறைந்த வேகத்தைச் சேர்க்கவே இல்லை, அது உங்களுக்கு இனாம்.

"பத்துதானே கூட?"

பத்துதான்.
எண்பதில் வந்து, அதே இடத்தில் பார்த்து, அதே போல மிதித்திருந்தால்
மானுக்கு ஒன்பது மீட்டர் முன்னாலேயே நின்றிருப்பீர்கள்.
கண்ணாடியை இறக்கி அதைத் திட்டியிருக்கலாம்.

பனிவண்டியில் வந்து இறங்கினார் யோவ்னா.
பேசவில்லை. மானின் காதை மடித்து,
வெட்டுக்குறிகளை விரலால் தடவி,
"என் மைத்துனியுடையது" என்றார்.
பிறகு என்னிடம்,
"எவ்வளவு நேரம் இந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்?"

ஏழு நொடி.

"ஏழு நொடியில் ஓடியிருக்கலாமே" என்றார் ஓஸ்மோ.

"எங்கே? அந்த ஆழத்துக்குள்ளா?"
சாலையோரப் பனிச்சுவரில் கையை விட்டார் யோவ்னா.
தோள் வரை போனது.

படிவத்தின் பின்பக்கம் வரைபடம் போட்டேன்.
கீழே நேரம், பக்கவாட்டில் வேகம்.
பத்து நொடிக்குச் சரியும் கூரை, அது முக்கோணம்,
அதன் பரப்புதான் சாலையில் கிடக்கும் கோடு.
அதற்கு முன்னால், ஒரு கட்டம் அகலத்தில்
ஒல்லியாக ஒரு செவ்வகம்:
கண் பார்த்து, கால் இன்னும் போய்ச் சேராத நேரம்.
அப்போது வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.
டாக்டருக்கும் குடிகாரனுக்கும் போதகருக்கும்
அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது ஒன்றுதான்:
ஒரு நொடி. இருபத்தைந்து மீட்டர்.

வழக்கப்படி கேட்டேன்:
அந்த நொடியில் என்ன செய்தீர்கள்?

ஓஸ்மோ குல்லாயைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.
"கொம்பில் வெளிச்சம் பட்டது.
குளிர்காலத்தில் கொம்போடு நின்றால் பெண்மான்தான் என்று தெரியும்.
ஒவ்வொரு கிளையிலும் உறைபனி.
என்ன அழகு என்று…
அவ்வளவுதான்.
அப்புறம்தான் மிதித்தேன்."

யோவ்னா கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'தொண்ணூறு' என்று எழுதி, கையெழுத்து வாங்கினேன்.

இருவரும் போன பிறகு
கையுறையை எடுக்கக் கோட்டின் தொடக்கத்துக்கு வந்தவள்
அங்கே நிற்காமல்
இன்னும் பின்னால் நடந்தேன், எண்ணிக்கொண்டே.
முப்பத்திரண்டு எட்டு.
என் பூட்ஸ் அச்சைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

பொடிப்பனி விழத் தொடங்கிற்று.
நான் அளந்ததையெல்லாம் மெல்ல மூடியது.
இந்த இருபத்தைந்து மீட்டரில் மட்டும்
மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல்
சும்மா விழுந்துகொண்டிருந்தது.