மெழுகுவத்தி ஜாடி

தர்மபுரி பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
இரவு இரண்டேகால்.
கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி
நடுவில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.
கரண்ட் போகவில்லை. யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

மூடியை இறுக்கியதும்
சுடர் ஒருமுறை நீண்டு, நீலமாகி,
தன் புகையில் தானே மூழ்கும்.
மிச்சம் கரியமிலவாயு,
நூற்றுக்கு மூன்று பங்கு.
உயிருள்ள நெஞ்சுக்கூட்டுக்கு
ஏறக்குறையப் பக்கத்து வீடு.
சில கிருமிகள் நம்பிவிடும்.

முனிரத்தினம், நாற்பத்தொன்று,
பாலக்கோடு சாலையில் புளிக் கிட்டங்கி.
பன்னிரண்டு நாளாய்த் தலைவலி.
தகரக் கூரைக்கடியில் புறாக்கள்;
எச்சத்தைக் கூட்டிப் பெருக்கியவர் இவர்.
"தூசியில வந்திருக்கலாம்" என்கிறார் டாக்டர் ஃபர்ஹானா,
'லாம்'மை அழுத்தி.

முதுகுத்தண்டு நீர் ஒரு சொட்டு,
மேலே கறுப்பு மை ஒரு சொட்டு.
லென்ஸுக்குள் அமாவாசை;
அதில் ஏழெட்டு நிலா,
ஒவ்வொன்றுக்கும் பரிவட்டம்.
அழகாக இருந்தது.
இதை ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை.

கிட்டங்கியில் கிடந்த காலம்
இதற்குப் பஞ்ச காலம்:
காற்றில் பத்தாயிரத்துக்கு நாலே பங்கு.
ஒரு நொதி, அதன் மடியில் ஒரு துத்தநாக அணு,
அகப்பட்ட வாயுவை நீரோடு கோத்து
வெளியே கசியாத உப்பாக்கும்,
கோலி அடைத்த சோடா மாதிரி.
அந்தக் கோலி இல்லாவிட்டால்
வெளிக்காற்றில் பட்டினிச் சாவு.

நுரையீரலுக்குள்ளோ
நூறு மடங்குக்கு மேல்.
கோலி தேவையில்லை. கம்பளி தேவை:
அந்தப் பரிவட்டம்,
நம் வெள்ளையணுவின் வாய்க்கு வழுக்கிவிட.
நாம் வேண்டாமென்று விடும் மூச்சை
அது விலாசமாக வாசிக்கிறது.

அந்த நொதியை அடைத்தால்?
போன மாதம் கேட்டுவிட்டேன்.
தோலில் பலிக்கலாம், அங்கே காற்று படும்;
ரத்தத்துக்குள் ஆளில்லாத வீட்டைத் தட்டுவது போல, என்றார்.
தவிர, என் சிவப்பணுவிலும்
அதே வேலைக்கு ஒன்று உண்டு,
வேறு வம்சம், அதே துத்தநாகம்.
தவறான கதவு திறந்தால்
திணறப்போவது நான்.

வார்டுக்குப் போன் செய்தேன்.
ஐஸ் பெட்டியில் மருந்து கிளம்பியாயிற்று.

கதவுக் கண்ணாடியில் மூக்கு பதிய
அவர் மனைவி கெம்பம்மா:
"விளக்கேத்தினீங்களே மேடம், எந்தச் சாமிக்கு?"

வாயைத் திறந்தேன்.
கண்ணாடியில் ஆவி படிந்தது,
அவள் பக்கம் கொஞ்சம்,
என் பக்கம் கொஞ்சம்.
"மாஸ்க் போட்டுக்கங்கம்மா" என்றேன்.