பெருக்கெண் பதினான்கு

நாலேகாலுக்கு அலாரம்.
சங்குத்துறையில் கடல் இன்னும் கறுப்பு அங்கியில்தான் இருக்கிறது.
நான்தான் என்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
முதல் அலைக்குத் தலை கொடுத்த பிறகு
வாய்தா கேட்க முடியாது.
மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு.
நீவாடு கிழக்கே இழுக்கிறது.
கரையில் என் சைக்கிளுக்குக் காவலாக
ஒரு நாயும்
தூங்கி விழுகிற அண்ணன் மகனும்.

நாற்பத்தொன்று ஆனது போன மாதம்.
விபத்து இழப்பீட்டுக் கணக்கில்
நாற்பது வரைக்கும் பதினைந்தால் பெருக்குவார்கள்,
நாற்பத்தொன்றிலிருந்து பதினான்கால்.
கேக் வெட்டும்போது ஞாபகம் வந்தது அதுதான்.
ஒரே இரவில் என் விலையில்
ஓராண்டுத் தள்ளுபடி.

சூசைமிக்கேலுக்கும் நாற்பத்தொன்றுதான்.
முட்டத்தில் மீன்பெட்டி கட்டி
தினம் நாற்பது கிலோமீட்டர் மிதித்தவர்.
கியர் இல்லாத வண்டி,
பின்னால் ஐஸும் சாளையுமாக ஐம்பது கிலோ.
என் வண்டியே ஒன்பது கிலோதான்.
நான் மிதிப்பதைக் கடிகாரம் மீட்டர் மீட்டராக எண்ணுகிறது.
அவர் மிதித்ததற்குக் கணக்கில்லை,
எதிர்மனுவில் ஒரு வரியைத் தவிர:
‘சாலையின் நடுவே ஓட்டி வந்தார்.’

அம்மாண்டிவிளை தாண்டி அந்த வளைவு.
கோப்பு என் மேசைக்கு வருவதற்கு முன்பே
என் தொடைகளுக்கு அதைத் தெரியும்.
தென்னந்தோப்பு முடிகிற இடம்.
ஆனி, ஆடியில் மறைப்பு விட்டதும்
காற்று இடப்பக்கமிருந்து ஒரு தள்ளு தள்ளும்.
நடுவே யாரும் ஓட்டுவதில்லை அங்கே.
நடுவே கொண்டுபோய் விடப்படுகிறோம்.

ஞாயிறு பந்தயம், சொத்தவிளையில்.
நூற்று எண்பது பேரில் நூற்று எழுபத்தொன்றாவது.
ஈரத்தைத் துடைத்து ஷூ மாட்டுகிற நேரமும்
ஓடுகிற கணக்கில்தான் சேரும்.
கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்ச்சாட்சி.

திங்கள் பதினொரு மணி, நாகர்கோவில் நீதிமன்றம்.
கழுத்துப்பட்டைக்கு அடியில் உப்புச் சிராய்ப்பு எரிகிறது.
கூண்டில் லாரி டிரைவர்.
“ஆனி மாதம் அந்த இடத்தில் காற்று எப்படி அடிக்கும்?”
இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்:
“ரிக்கார்டில் காற்று இருக்கா மேடம்?”

இல்லை.
மகஜரில் நசுங்கிய சைக்கிள் உண்டு,
டயர் தடம் பதினொரு அடி உண்டு,
சிதறிய மீன்கூட உண்டு.
என் தொடைகளைச் சான்றாவணமாகக் குறியிட
சட்டத்தில் வழியில்லை.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

வராந்தாவில் அமலோற்பவம் என் கையைப் பிடித்தாள்.
அங்கி விலகிய முன்கையில்
தேய்த்தும் போகாத மார்க்கர் மை. 117.
“இது நம்ம கேசு நம்பராம்மா?”
ஒரு கணம் ஆமென்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.
சொன்னேன், பந்தயம் என்று. நீச்சல், சைக்கிள், ஓட்டம்.
“சைக்கிள் எவ்வளவு தூரம்?”
“நாப்பது கிலோமீட்டர்.”
“அவ்வளவுதானா” என்றாள்,
குற்றம் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டாள்.
“எங்க ஆளு அதுக்குப் பெறவுதான் காலைக் கஞ்சியே குடிப்பாரு.”

இரவு ஒரு மனு எழுதினேன்.
முப்பந்தல் காற்றாலைக்காரர்களிடம்
அன்றைய காற்றின் வேகம் பதிவாகியிருக்கும்,
அதைத் தருவிக்க வேண்டுமென்று.
முப்பது கிலோமீட்டர் தள்ளி அடித்த காற்று என்று ஆட்சேபிப்பார்கள்.
ஆட்சேபிக்கட்டும்.

நாளை நீச்சல் இல்லை, கால் கெஞ்சுகிறது.
அலாரம் மட்டும்
நாலேகாலுக்கே கிடக்கட்டும்.