மூலை வெட்டிய உறைகள்

சம்பள உறையின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள்,
பிரிக்காமலே நோட்டை எண்ணிக்கொள்ள.
ரொண்டா பள்ளத்தாக்கில் வெள்ளிதோறும்
அறுநூற்றுப் பன்னிரண்டு ஒட்டுவேன்,
நாக்கெல்லாம் கோந்து.

வெட்டும் எந்திரம் இறங்கிய வருஷம்
கரி கூடியது.
டன்னுக்கு இவ்வளவு என்றிருந்த கூலி
ஷிஃப்டுக்கு இவ்வளவு என்றாயிற்று.
எம்லின் புரோபர்ட்டுக்கு இரண்டு பவுன் குறைந்தது.
ஜன்னலில் நின்றபடி
உறையைக் காதருகே வைத்து ஆட்டினான்.
"மிச்சத்தை அந்த இரும்பு வாங்கிட்டுப் போயிடுச்சா?"
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இரும்பின் செலவுக்கும் பேரேடு என்னிடம்தான்:
எண்ணெய், சங்கிலி, பல்.
தேய்ந்த பல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும், உத்தரவு.
எம்லினின் இருமலுக்கு மூன்று படிவம்,
கார்டிஃபுக்கு பஸ்,
அப்புறம் கடிதம் வரும் என்று ஒரு வாக்கு.

ஆட்குறைப்புப் பட்டியல் வந்தபோது
முப்பத்தொன்றாம் வரியில் என் தம்பி.
சிவப்பு மையால் நானே அடித்தேன்,
ரூலர் வைத்து, நேராக.
ஞாயிறு அவன் நாட்டிங்ஹாமுக்கு ரயிலேறினான்.
அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களாம்.

இப்போது நானூற்று ஐந்து.
மிஞ்சிய உறைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்,
யாரும் கேட்பதில்லை.
பால்காரருக்கு அதில்தான் எழுதி வைப்பது:
இனிமேல்
ஒரு புட்டி போதும்.