ஒடுலியா வரவில்லை

புவெர்த்தோ நத்தாலெஸ் மருத்துவமனையில்
மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து
நேரத்தை நறுக்கிக் கொடுப்பது என் வேலை.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
கணினியில் ஒவ்வொரு துண்டும் ஒரு நீலக் கட்டம்.
சாந்தியாகோவில் எவரோ வரைந்தது. அங்கே
காற்று ஆளைத் தள்ளாதாம்.
இங்கே கதவோடு மல்லுக்கட்டி, தொப்பியைக் கழற்றி,
கண்ணில் முட்டிய நீரைத் துடைத்து
நாற்காலியில் அமரவே மூன்று நிமிடம் போய்விடும்.

எலெயுத்தேரியோ ஒயார்சோ
செம்மறிகளுக்கு மயிர் கத்தரிப்பவர்.
பேருந்தில் இரண்டு மணி நேரம் வருவார்.
"எப்படி இருக்கிறீர்கள்?"
"பரவாயில்லை, டாக்டர்."
"தூக்கம்?"
"பரவாயில்லை."
சுவர் மெல்லியது, எனக்குக் கேட்கும்.
மூன்று வருடமாய் அந்த ஒரு சொல்லைக்
கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.
மருந்துச்சீட்டில் எண் மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாய் ஏறியது.

திரும்பும்போது என் மேசையருகே
தொப்பியைக் கையில் வைத்தபடி
ஒரு கணம் நிற்பார்.
அடுத்தவர் பெயரைக் கூப்பிட வேண்டியவள் நான்.
கூப்பிட்டேன்.

அப்படி எத்தனை முறை கூப்பிட்டேன் என்று
எண்ணிப் பார்த்த இரவுக்கு மறுநாள்
ஒருத்தியைப் பிறப்பித்தேன்.
துறையில் கட்டிக்கிடந்த படகின் பெயர்: ஒடுலியா.
வயது அறுபத்தொன்று.
கடலோரத் தெருவில் இல்லாத ஒரு கதவிலக்கம்.
என்ன நோய் என்று கணினி விடாமல் கேட்டது.
தூக்கமின்மை என்று அடித்தேன்.
அது ஒன்றுதான் பொய்யில்லை.
ஒயார்சோவுக்கு அடுத்த கட்டத்தில் அவள்.
அதற்கடுத்ததில் அவள் தங்கை.

பன்னிரண்டாம் நிமிடம்
டாக்டர் மிர்னா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.
"ஒடுலியா?"
"வரவில்லை. காற்று," என்றேன்.
"தங்கை?"
"அவளும்தான்."
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டார்.

பதின்மூன்றாம் நிமிடத்தில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை.
நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு இருமல்.
இந்த வருடம் கம்பளிக்கு விலை இல்லை என்றார்.
டாக்டர் கம்பளியைப் பற்றியே கேட்டார்.
பிறகு நாயைப் பற்றி.
இருபத்தைந்திலோ என்னவோ
"கை நடுங்குகிறது," என்றார்.
"மாத்திரை போட்டால் கத்தரி நிற்பதில்லை.
ஒரு பெண்ணாட்டின் மடியைக் கிழித்துவிட்டேன்.
அதிலிருந்து போடுவதில்லை.
எல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது."
"எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்டது
நான்கு நிமிடம்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு.
பதில் தொடங்கியதும் எழுந்து போய்
தண்ணீரைக் கொதிக்கப் போட்டேன்,
அந்த இரைச்சலில் மீதி எனக்குக் கேட்காமல் போகட்டும் என்று.

அடுத்த மாதம் டப்பாவோடு வந்தார்.
மூடியில் வாத்துப் படம்.
மருந்தின் பெயர் மாறியது. எண்ணும் இறங்கியது.
குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.
"பரவாயில்லை" என்று இப்போது சொல்வதில்லை, அவ்வளவுதான்.
"செவ்வாய்க்கிழமை மோசம்," என்கிறார்.

ஒடுலியா உட்கார்ந்த கட்டத்தில்
உட்கார்ந்திருக்க வேண்டியவள் யாரிட்சா.
பத்தொன்பது வயது, முழங்கை வரை இழுத்துவிட்ட கையுறை.
மூன்று வாரம் கழித்துத்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.
அந்த மூன்று வாரமும் என் கணக்கில்தான் இருக்கிறது.
அதை எவரும் கழித்துத் தர முடியாது.

சாந்தியாகோவிலிருந்து கடிதம்:
ஆறு முறை வராத நோயாளியை
பட்டியலிலிருந்து நீக்கவும்.
டாக்டர் மிர்னா கழுத்துக்குட்டையைச் சுற்றியபடி
என் மேசையருகே நின்றார்.
"ஒடுலியா எப்படி இருக்கிறாள்?"
"காத்திருக்கிறாள்."
"அவளை அவசரப்படுத்தாதே," என்றார்.

ஆனாலும் நீக்கினேன். வேறு வழியில்லை.
மாலை வீட்டுக்குப் போகுமுன்
யாரிட்சாவின் பெயருக்குக் கீழே
காலிக் கட்டம் ஒன்று மினுங்கியது.
ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.
துறையில்
படகுகளுக்குக் குறைவில்லை.