கீழ்த் தாழ்ப்பாள்

பீனிக்ஸில் எங்கள் தெருவில்
மதிலுக்கு மேல் முள்கம்பி,
ஜன்னலுக்குக் கிராதி,
வாசலுக்கு வெளியே இரும்பு கேட்,
அதற்கும் வெளியே
'ஆயுதத்தோடு வருவோம்' என்று
ஒரு கம்பெனியின் மஞ்சள் பலகை.
இத்தனைக்கும் பிறகு
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தயாளன்
ஒரு பூட்டு அனுப்பினார்.
சாவி இல்லாத பூட்டு.

பொருத்த வந்தவர் பெயர் ம்டுடூசி.
கதவைத் தட்டித் தட்டிக் காது வைத்துப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் போல.
"பூட்டு நல்ல பூட்டு, சிஸ்டர்.
கதவுதான் அட்டை.
உதைக்கிறவன் எண் கேட்க மாட்டான்."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
நாலு பேட்டரி போட்டு
விரலை வைக்கச் சொன்னார்.
எட்டு முறை வைத்தேன்.
எட்டு முறையும் சிவப்பு.

பதினாறு வருடமாய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
ரத்தம் போக ஒரு பொடி,
மஞ்சள் போக ஒரு திரவம்.
யார் யார் படுக்கையிலிருந்தோ வந்த கறையோடு
என் விரலின் கோடுகளும்
ஏதோ ஒரு தண்ணீரில் போயிருக்கின்றன.
"எண் போட்டுக்கொள்ளலாம், பரவாயில்லை"
என்று கையைத் திருப்பிக் கொடுத்தார் ம்டுடூசி,
நான் எங்கோ மறந்துவைத்த பொருளைப் போல.

முதல் வாரம் குரங்கு வந்தது.
சமையலறைக் கிராதிக்குள் குட்டி மட்டும் நுழைந்து
ரொட்டியை வெளியே தாய்க்கு நீட்டியது.
வாழைப்பழத் தோலை
மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டுப் போனது.
கைபேசி சொன்னது:
முன்கதவு பாதுகாப்பாக உள்ளது.
உண்மைதான்.
முன்கதவை யாரும் தொடவே இல்லை.

இரண்டாம் வாரம் மழை.
டாக்சி என்னை மூலையில் தள்ளிவிட்டுப் போயிற்று.
நனைந்த எண்பலகை என்னை நம்பவில்லை.
மூன்று தடவை தப்பு,
ஐந்து நிமிடம் தண்டனை.
மிஸஸ் கவுண்டனின் நாய்
என்னைத் திருடி என்றே முடிவுகட்டிவிட்டது.
தயாளனை அழைத்தேன்.
அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
படுத்தபடியே ஒரு விரலால் தொட்டார்.
என் முன்னால் கதவு
'டிக்' என்றது, கீழ்ப்படிந்து.

என் வீட்டுக்குள் விருந்தாளியாய் நுழைந்தேன்.
ஈரச் செருப்பை எங்கே வைப்பதென்று
ஒரு கணம் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கேள்விகள்.
நேற்று பதினொன்று நாற்பத்தேழா?
செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கே வந்துவிட்டாயே?
ஞாயிறு மூன்று மணிக்கு
இரண்டு நிமிடம் கதவு திறந்திருந்ததே, யார்?
குரலில் கோபம் இல்லை.
அக்கறைதான். அவரே அப்படித்தான் சொன்னார்.
ஞாயிறு வந்தது பிரசாதத் தட்டோடு மிஸஸ் கவுண்டன்.
சொன்னேன்.
சொல்ல வேண்டியிருந்ததே என்பதைச் சொல்லவில்லை.

மின்வெட்டு இரவுகள் பிடிக்க ஆரம்பித்தன.
தெருவே இருட்டில் கிடக்கும் நேரத்தில்
வருவதும் போவதும் என்னோடு.
ஆனால் கரண்ட் வந்ததும் பூட்டு
எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்துவிடும்,
முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி.

தங்கை போனில் கேட்கிறாள்:
நாங்களும் போடலாமா அக்கா, பத்திரம்தானா?
திருடனுக்கென்றால்
முதலில் கதவை மாற்று என்றேன்.
அவள் காத்திருந்தாள்.
வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

போன சனிக்கிழமை
ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். முப்பத்தெட்டு ரேண்ட்.
பித்தளைகூட இல்லை.
கதவின் அடியில், உட்புறம்,
நானே முடுக்கிய நாலு திருகாணி. ஒன்று கோணல்.
ஓர் உதை தாங்காது, தெரியும்.
குனிந்து அதைத் தள்ளும்போது
கோடழிந்த என் விரலிடம்
அது ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று இரவு தயாளன் சொல்லாமல் வந்தார்.
இரண்டு மணி.
பச்சை விளக்கு, 'டிக்',
கதவு அசையவில்லை.
மறுபடி 'டிக்'.
பெட்டியோடு நின்று என் பெயரைக் கூப்பிட்டார்.
பிறகு தட்டினார்.
இந்தக் கதவை அவர் தட்டி எத்தனை வருடம்.
யார் என்று கேட்டேன், குரல் தெரிந்தும்.
செருப்பைத் தேடினேன், மெதுவாக.
வெளியே மழை இல்லை.
பார்த்துக்கொண்டேன்.