எட்டு எட்டு

ஃபரோ தீவின் மழை
படுக்கைவாட்டில் பெய்தது.

பந்து வெளியேறியது
மீன் ஆலை விளம்பரத்துக்கு நேரே;
அவன் எறிய நின்றதோ
காப்பிக் கடைக்கு நேரே.

"எட்டு எட்டு திருடிட்டான்!"
ரன்வோ கத்தினாள்.
"போன வாரம் நம்மாளு பன்னிரண்டு,
அப்ப நீ கை தட்டினியே"
என்றான் ஹொக்னி.

கொடிக்காரர் மூக்குச் சிந்திக்கொண்டிருந்தார்.

அடுத்த எறியில்
நம்மாளின் குதிகால்
விரற்கடை எழும்பவில்லை,
ஊதிவிட்டார்கள்.
"ரெண்டு காலும் தரையில படணும், அவ்வளவுதான் விதி. குதிகால் தூக்கலாம்!"
"ஒரு கால் முழுசா எழும்பிச்சே, பாத்தேன்."
"எந்தக் கண்ணால?"

கடைசி நிமிடம்.
எதிராளி எறிந்ததைக் காற்று
கோட்டுக்குள் விடவில்லை.
மறுபடி எறி.
மறுபடியும் காற்று.
மூன்றாவது,
ரன்வோ மடியில்.

அவன் கை நீட்டினான்.
அவள் பந்தைத் தரவில்லை.
மீன் ஆலைப் பக்கம்
விரலைக் காட்டினாள்.